எஞ்சின் விளக்கு எரிந்தால் உடனே சென்சாரை மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 2016 மாடல் பெட்ரோல் கார், 82,000 கிலோமீட்டர் ஓடியது, வீடு குலசேகரம் பக்கம். மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு வண்டியை எடுத்தபோது எஞ்சின் விளக்கு எரிந்தது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது, விளக்கும் சில விநாடி மின்னியது. சில நாளில் தானாக அணைந்து, மறுபடி எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும் என்றார்கள். இன்னொருவர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போதும் என்றார். நீங்கள் ஆன்லைனில் ஒரு ஸ்கேனர் வாங்கிச் செருகிப் பார்த்ததில் பி0303, பி0171 என்று இரண்டு நம்பர் வந்திருக்கிறது. சென்சாரை நானே வாங்கி மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி சென்சாரைப் பற்றி இருந்தாலும், ஸ்கேனரை நம்புவதா மெக்கானிக்கை நம்புவதா, வீட்டு முற்றத்தில் வைத்து எதுவரை போகலாம் என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் 26 வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன். கார்புரேட்டர் கழுவத் தொடங்கி ஸ்கேனர் பிடிக்க வந்தவன். ஆனால் உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அதன் சத்தத்தைக் கேட்கவில்லை. ஆகவே எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

உறுதியான ஒன்று: மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் பதறாமல் வீடு வரை வரலாம். மின்னினால் அப்படி இல்லை. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். சூடு ஏறி ஏறி, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பாகம் உருகிப்போகும். கன்வெர்ட்டர் விலையைக் கேட்டால் அந்த ஒன்பதாயிரம் டீக்காசு மாதிரி தெரியும். ஆகவே மறுபடி மின்னினால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, சற்று ஆறவிட்டு, பிறகும் மின்னினால் கட்டி இழுத்து வாருங்கள். இந்தக் கோளாறு தீரும்வரை பேச்சிப்பாறை ஏற்றம் வேண்டாம். சிவப்பில் ஆயில் கேன் படமோ வெப்பமானிப் படமோ எரிந்தால் அது இந்தப் பேச்சிலேயே சேராது; களியக்காவிளையில் நெரிசலின் நடுவே நின்றாலும் சரி, எஞ்சினை அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும்.

அடுத்தது அந்த நம்பர்கள். ஸ்கேனர் எந்த சாமானை மாற்றவேண்டும் என்று சொல்லும் கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் தனக்கு எங்கே கணக்கு உதைக்கிறதோ அதை மட்டும் எழுதி வைக்கும், ஸ்கேனர் அதைப் படித்துக் காட்டும். முதல் எழுத்து பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நம்பர். 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த நம்பர், அதற்குப் பொது ஆப் சொல்லும் விளக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். மூன்றாவது இடத்தில் 1 வந்தால் காற்று, பெட்ரோல் கலவை. 3 வந்தால் பற்றவைப்பு, அதாவது தீ பிடிக்காத சிலிண்டர். உங்கள் பி0303 மூன்றாவது சிலிண்டரில் தீ தப்புகிறது என்கிறது. பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்கிறது. இரண்டிலுமே சென்சார் கெட்டுப்போச்சு என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த இரண்டு நம்பரும் ஒன்றாக வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிலிண்டரில் தீ பிடிக்காவிட்டால் உள்ளே போன காற்றில் இருக்கும் ஆக்சிஜன் செலவாகாமல் வெளியே வரும். சைலன்சர் பைப்பில் இருக்கும் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். ஆக்சிஜன் நிறைய வருகிறது, கலவை மெலிந்திருக்கிறது என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கைவிரித்து பி0171 எழுதிவிடும். அதாவது சென்சார் கண்டதைச் சொல்லியிருக்கிறது. சொன்னவனைத்தான் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் கழற்றி எறியச் சொல்கிறார்கள். இது ஊகம்தான், ஆனால் மூன்றாவது சிலிண்டரைச் சரிசெய்தால் இரண்டாவது நம்பரும் தானாகப் போய்விடும் என்ற பக்கம்தான் நான் பந்தயம் கட்டுவேன்.

அந்த ஒர்க்‌ஷாப்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதே தப்பை நானே செய்திருக்கிறேன். ஸ்கேனர் வாங்கிய புதிதில், குளச்சலில் இருந்து வந்த ஒரு காருக்கு இதே பி0171 பார்த்து, சென்சாரை மாற்றி, நம்பரை அழித்து, பெருமையாக அனுப்பினேன். நான்காம் நாள் திரும்பி வந்தார். ‘அண்ணே, விளக்கு அணைஞ்சதுக்கா ரூபா வாங்கினீங்க?’ என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறைத்தது. பிறகு கீழே படுத்துப் பார்த்தால் எஞ்சினில் இருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் கேஸ்கெட் ஒரு மூலையில் ஊதியிருக்கிறது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டு சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. சாமான் விலை சில நூறு ரூபாய். எனக்கு வேலை கற்றுத்தந்த ஆசான் அப்போது உயிரோடு இருந்தார். ‘முதல்ல தொறந்து பாரு மக்கா, பொறவு வாங்கலாம்’ என்று மட்டும் சொன்னார்.

சரி, உங்கள் முற்றத்துக்கு வருவோம். எதையும் அழிப்பதற்கு முன்னால் ஸ்கேனர் ஆப்பில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி, வண்டி என்ன வேகம் என்று அதில் இருக்கும். தண்ணீர் 35 டிகிரியில் இருந்தபோது பதிவாகியிருந்தால் காலைக் குளிரில், ஈரத்தில் வந்த கோளாறு என்று நினைக்கலாம். 90 டிகிரியில், ஏற்றத்தில், பாரத்தோடு பதிவாகியிருந்தால், தீப்பொறி போடும் பிளக் அல்லது அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பக்கம் சந்தேகம் கூடும். பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னவரின் யோசனையில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்: அந்தத் தடயம் எல்லாம் அழிந்துபோகும். கம்ப்யூட்டர் இத்தனை நாள் கற்றுவைத்த கலவைக் கணக்கும் சேர்ந்து போகும். விளக்கு அணையும், கோளாறு அங்கேயே இருக்கும். தானாக அணைந்ததிலும் மாயம் இல்லை. பல கோளாறுகளுக்கு, அடுத்தடுத்து மூன்று ஓட்டம் சுத்தமாகப் போனால் கம்ப்யூட்டரே விளக்கை அணைத்துவிடும். நம்பர் மட்டும் நினைவில் இருக்கும், நாற்பது முறை எஞ்சின் சூடாகி ஆறிய பிறகே அதுவும் போகும்.

அப்புறம் பானெட்டைத் திறங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் இருக்கிற எஞ்சின் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் இருக்கும் பக்கத்தில் இருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். சில ஐரோப்பிய வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருந்து எண்ணுவார்கள், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது காயிலின் பிளாஸ்டிக் பூட்டை மெதுவாக அழுத்திக் கழற்றுங்கள். பத்து வருட வெயிலில் அது பப்படம் மாதிரி ஆகியிருக்கும், நெம்பினால் உடையும். போல்ட்டைக் கழற்றி, காயிலை முறுக்கி மேலே தூக்கி, பிளக் இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அங்கே தண்ணீர் நின்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நம் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்கு மழையும் உண்டு, இரண்டும் நம்மை விடுவதில்லை. மழை தானாக அந்தக் குழிக்குள் போவது அரிது. வைப்பர் பக்கத்துத் தண்ணீர்ப் பாதையில் சருகு அடைத்து நிரம்பி வழிந்தாலோ, மழைக்கு முன் வாட்டர் சர்வீஸில் எஞ்சின் மேல் நேராகக் குழாயைப் பிடித்திருந்தாலோ போகும். சமீபத்தில் வாட்டர் சர்வீஸ் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் துணியாலும் காற்றாலும் உலர்த்துங்கள். பிளக்கைக் கழற்றும் முன் குழியைச் சுத்தம் செய்ய மறந்தால் அந்த அழுக்கெல்லாம் சிலிண்டருக்குள் விழும். தண்ணீர் இல்லாமல் எண்ணெய் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது, அது வேறு வேலை.

குழி காய்ந்திருந்தால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. மூன்றாவது காயிலை ஒன்றாவது இடத்திலும், ஒன்றாவதை மூன்றாவது இடத்திலும் மாற்றி மாட்டுங்கள். நம்பரை அழித்துவிட்டு, வீட்டுப் பக்கத்திலேயே சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பி0301 வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, காயில்தான் குற்றவாளி. பி0303 ஆகவே இருந்தால் காயிலை விட்டுவிட்டு பிளக்குகளை அதே மாதிரி இடம் மாற்றுங்கள். பிளக்கைக் கையாலோ ஒரு ரப்பர் குழாயாலோ மரையில் ஏற்றி, இலகுவாக இறங்குகிறது என்று தெரிந்த பிறகே ஸ்பானரைப் போடுங்கள். அலுமினியத் தலையில் மரை போனால் அதன் பிறகு நான் எழுதுவது எதுவும் உதவாது. 82,000 கிலோமீட்டரில் பிளக் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால், சாதாரண நிக்கல் பிளக்காக இருந்தால், சோதனையே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய மெக்கானிக்குகள் வயரைக் கழற்றிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பார்களே, அதை இந்த வண்டியில் செய்யாதீர்கள். காயிலும் கெடும், கம்ப்யூட்டரும் கெடலாம், உங்கள் கைக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும்.

காயிலும் பிளக்கும் நல்லவை என்று ஆனால், அடுத்து, சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் வயரை விரலால் தடவிப் பாருங்கள். குலசேகரம் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு முதலில் நினைவு வந்தது எலிதான். ரப்பர் தோட்டமும் மரச்சீனி விளையும் சூழ்ந்த வீடுகளில், மழை பிடித்ததும் எலிக்குக் கிடைக்கும் காய்ந்த, சூடான அறை உங்கள் எஞ்சின்தான். திருவட்டாரில் இருந்து வந்த ஒரு வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டி, சருகும் மரச்சீனித் தோலும் சேர்த்து வைத்திருந்தது. ஃபில்டரில் ஒரு பக்கம் ஓட்டை. கடித்த வயரை வெறும் டேப் சுற்றி விடாதீர்கள். ஈரம் ஏறி அடுத்த மழைக்கு அதே கதை திரும்பும். சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டால் நிற்கும். எலிக்கு என்ன மருந்து என்று கேட்டால், புகையிலை, கற்பூரம், ஸ்பிரே என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. வண்டியைத் தினமும் எடுப்பதும் இரவில் பானெட்டைத் திறந்து வைப்பதும்தான் ஓரளவு கேட்டிருக்கிறது.

தீ தப்புவது நின்ற பிறகும் பி0171 மட்டும் தனியாகத் திரும்பி வந்தால்தான் அதைத் தனிக் கோளாறாக நினைக்க வேண்டும். அப்போது ஆப்பில் ஃப்யூல் டிரிம் என்ற கணக்கைப் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அது. குறுகிய கால, நீண்ட கால என்று இரண்டு இருக்கும். இரண்டையும் கூட்டினால் சுழிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஐந்து சதவீதத்துக்குள் இருப்பது ஆரோக்கியம். பிளஸ் பத்தைத் தாண்டினால் சந்தேகம். பி0171 வருவதற்குள் பொதுவாக இருபதைத் தாண்டியிருக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இறங்கிவிட்டது என்றால் எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் சரியாக இருந்து, பாரத்தில் ஏறினால் பெட்ரோல் பம்பு, ஃபில்டர் பக்கம் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் காற்றை அளக்கும் மாஸ் சென்சார் இல்லை, அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அந்த வண்டிகளில் காற்றுக் கசிவு கலவையை அவ்வளவு கெடுக்காது, ஐடிலைத்தான் ஏற்றிவிடும். ஆகவே யூடியூபில் ஒருவர் காட்டும் கணக்கு உங்கள் வண்டியில் அப்படியே வராவிட்டால் குழம்ப வேண்டாம். கசிவைத் தேட கார்புரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சின் மேல் அடிப்பவர்களும் உண்டு, அது தீப்பிடிக்கும் சாமான், நான் சொல்ல மாட்டேன். ஒரு முழம் ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையைக் குழாய்களின் மேல் நகர்த்தினால் சீறல் கேட்டுவிடும். ஃபேன் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் எல்லாம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் வேண்டும் என்பது உண்மை. பத்து சதவீதக் கலவையில் இருந்து இருபதுக்குப் போனால் டிரிம் கணக்கு சுமார் நான்கு சதவீதம் ஏறும். அந்த நான்கு மட்டும் விளக்கை எரியவைக்கும் என்று நான் நம்பவில்லை. ஏற்கெனவே பதினாறில் தள்ளாடும் வண்டியை விளிம்புக்குத் தள்ளலாம்.

அந்த சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பணம் செலவழிக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. எஞ்சின் சூடான பிறகு, ஆப்பில் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட்டைப் பாருங்கள். சாதாரண வகை என்றால் அது 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரை ஒரு அமுக்கு அமுக்கினால் மேலே பாய வேண்டும், விட்டால் கீழே விழ வேண்டும். அப்படிச் செய்தால் அதற்கு ஒன்பதாயிரம் கொடுக்க அவசரமில்லை. ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி, நான் தோற்றேன். பின்பக்கச் சென்சார் அசையாமல் நிற்பதுதான் நல்லது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், மேலே சொன்ன எதையும் செய்யும் முன் பேட்டரியில் இருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயரின் முனைகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் களிம்பு ஏறி, வெளியே இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே தொடர்பு இருக்காது. அப்போது சம்பந்தமே இல்லாத நாலைந்து நம்பர் ஒன்றாக வரும். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், எஞ்சின் ஓடும்போது பொதுவாகப் பதினான்கை ஒட்டி இருக்கும்.

உங்கள் வண்டியில் வீட்டில் செய்யக் கூடாதது எது என்றும் சொல்ல வேண்டும். பெட்ரோல் லைன் அழுத்தத்தோடு இருக்கும், அதைக் கழற்ற வேண்டாம். காயில், பிளக், வயர் மூன்றும் நல்லவை, இன்ஜெக்டரும் துடிக்கிறது, ஆனாலும் பி0303 விடவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பதை, பார்க்க வேண்டிவரும். வால்வ் எரிந்திருக்கலாம். அதற்கு மீட்டரும் பழகிய கையும் வேண்டும், அப்போது ஒர்க்‌ஷாப்புக்கே போங்கள். போகும்போது ‘விளக்கு எரியுது, பாருங்க’ என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் படத்தைக் காட்டி, ‘மூணாவது காயிலை ஒண்ணுல மாத்திப் பாத்தேன், பிளக்கும் மாத்திப் பாத்தேன், நம்பர் நகரல’ என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆக்சிஜன் சென்சாரையே மாற்றலாம் என்று அவர் சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.